ஸ்ட்ரட் மாத்தியாச்சு, கிளிப் எங்கே? வடசென்னையின் ‘முன்பக்க ஷாக் வேலை’க்கு ஒரு மதிப்பீடு

பழைய மாருதி 800-ஐ தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மூலக்கடையிலோ எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாலும், “முன்னாடி ரெண்டு ஷாக்கும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்” என்று ஒரு வேலையைச் சொல்வார்கள். ஸ்ட்ரட் (இவர்கள் ‘ஷாக்’ என்பது இதைத்தான், ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பர் குழாய்) இரண்டு, லேபர், அலைன்மென்ட் தனி. மதியத்துக்குள் வண்டி வெளியே வந்துவிடும். இங்கே எடைபோடுவது இந்த வேலையைத்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டுவதில் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளின் கை நல்ல கை. ஸ்ட்ரட்டோடு ஒட்டிப் போகும் பிரேக் ஹோஸ், அதைப் பிடித்திருக்கும் கிளிப், அதற்கு மேலே பாடியோடு போகும் பிரேக் பைப்பு, இந்த மூன்றும் பெரும்பாலான இடங்களில் யார் கணக்கிலும் வராமல் போகின்றன. வண்டியை நிறுத்துவது அந்த மூன்றும்தான்.

800-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் வந்தபோது இங்கே அதன் விற்பனை நின்றது. ஆக, சென்னையில் புதிதாக வாங்கிய எந்த 800-ம் இன்று 15 வயதைத் தாண்டியது, எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பித்து ஓடுகிற வண்டி. அதோடு காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்புக் காற்று. மழைக்குச் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைகள். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலைகள். தாம்பரத்தில் ஓடிய வண்டியின் கிளிப்பும் எண்ணூரில் ஓடிய வண்டியின் கிளிப்பும் ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் பார்க்க ஒன்றாக இருக்காது. ஜென், எஸ்டீம், பழைய ஆல்டோவுக்கும் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

கிளிப் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் கோபம் நியாயமாக வரும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் இரும்பு பைப்பு சக்கர வளைவுக்குள் பாடியில் ஒரு பிராக்கெட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ரப்பர் ஹோஸ். அந்த ஹோஸின் நடுவில் ஒரு இரும்பு வளையம். அது ஸ்ட்ரட்டில் வெல்டு செய்த குட்டி பிராக்கெட்டில் உட்கார்ந்து, ஒரு ஸ்பிரிங் எஃகுக் கிளிப்பால் பூட்டப்பட்டிருக்கும். மாடலைப் பொறுத்து ஈ வடிவ ரிங், அல்லது யூ வடிவத் தகடு. அங்கிருந்து ஹோஸ், சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் போகும். ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் காலிப்பரும் சேர்ந்தே திரும்புகின்றன. பள்ளத்தில் இறங்கும்போது சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எனவே வளைவது, நெளிவது எல்லாம் பாடி பிராக்கெட்டுக்கும் ஸ்ட்ரட் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள துண்டு மட்டும்தான். அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவது கிளிப். ஸ்ட்ரட் பக்கத்துக் கிளிப் இல்லாவிட்டால் ஹோஸ் தொங்கும். முழு ஸ்டியரிங் ஒடித்தால் டயரின் உள்பக்கச் சுவரில் உரசும். ஒரே இடத்தில் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதுதான். பாடி பக்கத்துக் கிளிப் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: ஒவ்வொரு குலுக்கலும், இரும்பு பைப்பை ஹோஸோடு சேர்க்கும் ஃப்ளேர் நட்டு வரைக்கும் போகும், பைப்பு அந்தக் கழுத்தில் களைத்து வெடிக்கும்.

இத்தனைக்கும் அதன் விலை இரண்டு டீ காசுதான். அதனால்தான் யாரும் ஸ்டாக் வைப்பதில்லை. அதில் லாபம் கிடையாது. கழற்றும்போது துருவோடு உடைந்தால், “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது தலைவா” என்று சொல்லி ஒரு கேபிள் டை, இல்லாவிட்டால் கட்டுக்கம்பி. கேபிள் டை வெயிலிலும் பிரேக் சூட்டிலும் சில மாதங்களில் பொடியும். கட்டுக்கம்பி ஹோஸை அறுக்கும். இந்த வேலையின் முதல் பெரிய மைனஸ் இதுதான்.

இனி கழற்றும் முறை. சரியாகச் செய்கிற இடத்தில் பார்க்க வேண்டிய வரிசை இப்படி. ஜாக்கியில் தூக்கி ஸ்டேண்டு வைத்து, முன்சக்கரங்கள் தொங்க விட்டு, வீல் கழற்றியதும் முதலில் வருவது ஸ்பானர் அல்ல, பெயின்ட். ஸ்ட்ரட் அடிப் பிராக்கெட் நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, எங்கே இருந்தது என்று தெரியும். அடுத்து கிளிப்பும் ஹோஸும். பிராக்கெட்டில் வாய் திறந்த பள்ளம் இருந்தால் கிளிப்பை எடுத்துவிட்டு ஹோஸை நழுவ விட்டுவிடலாம். பிரேக் லைனைத் திறக்கவே வேண்டாம். ஹோஸ் நன்றாக இருந்தால் ஆயில் சிந்தாமல் முடிந்துபோகும் வேலை. இதைத் தெரியாமல் லைனைத் திறந்து, பிறகு ‘ஏர் எடுக்க’ தனிக் காசு வாங்கும் இடங்கள் உண்டு, கேள்வி கேளுங்கள். அதன் பிறகுதான் ஸ்ட்ரட் அடியில் இருக்கும் இரண்டு போல்ட். மேலே பானட்டுக்குள் இருக்கும் மவுண்ட் நட்டுகள் கடைசி. அவற்றைக் கழற்றும்போது ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்க வேண்டும்.

அடி போல்ட் இரண்டும் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை அப்படியே விட்டால் இரண்டு கெடுதல். ஹோஸ் முழு எடையும் தாங்கி இழுபடும்; உள்ளே நூல் பின்னல் அறுந்தாலும் வெளியே தெரியாது. டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டும் நழுவி வந்துவிடலாம். பிறகு ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் போகும், வேலை இரட்டிக்கும். ஒரு கம்பியால் நக்கிளை உள்பக்கம் இழுத்துக் கட்டுகிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு கம்பிக்காகவே அந்த மெக்கானிக்குக்கு முழு மார்க் போடலாம்.

துருப்பிடித்த கிளிப்பை எடுக்க ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாகப் போட்டால் தகடு உடைந்து பாதி காடிக்குள் நின்றுவிடும். வாய் திறந்த பக்கத்துக்கு நேர் எதிரே, அதாவது தகட்டின் முதுகுப் பக்கத்தில் பிளேயரால் கவ்வி, மெல்ல ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். முந்தின நாளே துருப்பிடித்த இடத்தில் மட்டும் ஒரு துணியில் நனைத்துத் துரு எண்ணெய் வைத்தால் எளிது. ஸ்பிரேயாக அடிக்காதீர்கள். பிரேக் ஹோஸின் ரப்பர் பிரேக் ஆயிலுக்கென்றே செய்த வகை; மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் உப்பி மெதுவாகும். பார்ட்ஸ் கழுவும் டீசல் டப்பாவில் ஹோஸையும் சேர்த்து முக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்ற வண்டிகளின் ஹோஸ்களைச் சோதிக்காமல் விட்டிருந்தால், இந்த வேலையோடு மாற்றிவிடுவதே புத்தி.

ஹோஸ் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வது எப்படி? பிரேக் பிடித்து விட்ட பிறகும் ஒரு பக்கச் சக்கரம் இறுக்கமாகவே நின்றால் பெரும்பாலும் காலிப்பர் மேல் பழி போடுவார்கள். காலிப்பரில் காற்று எடுக்கும் ப்ளீடர் நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைபட்டிருந்தது என்று அர்த்தம். ஹோஸின் உள்குழாய் வீங்கி, போகும்போது வழி விட்டு வரும்போது அடைத்துக்கொள்கிறது. திறந்த பிறகும் இறுக்கம் இருந்தால்தான் காலிப்பர் பிஸ்டனும் பின்னும். வெளியே பார்ப்பதற்கு, ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள். இரும்பு முனைக்கு அருகே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஹோஸ் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதிப் பேர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாடி பிராக்கெட்டில் உள்ள கிளிப் இருக்கும்போதே ஃப்ளேர் நட்டை இளக்க வேண்டும். ஹோஸ் முனை சுற்றாமல் பிராக்கெட் பிடித்துக்கொள்ளும். கிளிப்பை முதலில் எடுத்துவிட்டால் நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு ஒடியும். இதற்கு 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பானர் வேண்டும். ரிங் ஸ்பானரில் ஒரு வாய் வெட்டியதுபோல் இருப்பது. சாதாரண டபுள் ஸ்பானர் இரண்டு முகத்தை மட்டும் பிடிப்பதால் 20 வருடத் துரு நட்டை உருட்டிவிடும். உருண்டால் கிரிப் பிளேயர், கிரிப் பிளேயர் வந்தால் பைப்பு போச்சு. பிரேக் வேலை செய்கிற ஒர்க்‌ஷாப்பில் இந்த ஸ்பானர் இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரலாம்.

பைப்பு ஒடிந்துவிட்டால் அல்லது துரு தின்றிருந்தால் புதிது போட வேண்டும்: 4.75 மி.மீ. குழாய், 10 மி.மீ. நட்டு, 1 மி.மீ. பிட்ச், டபுள் ஃப்ளேர் (குழாய் முனையை இரண்டு மடிப்பாக விரிப்பது). கடைசியில் சொன்ன டபுள் ஃப்ளேர்தான் முக்கியம். ஏ.சி. மெக்கானிக் கிட்டில் செய்யும் சிங்கிள் ஃப்ளேர் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பிரேக் அழுத்தத்தில் உதடு பிளக்கும். வெறும் செம்புக் குழாய் எளிதில் வளைகிறது என்பதற்காகப் போட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அதிர்வில் இறுகி வெடிக்கும் உலோகம் அது, வேண்டாம். பூச்சு போட்ட எஃகு, அல்லது நிக்கல் கலந்த செம்புக் குழாய்.

பொருள்கள் விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரட்டைப் பொறுத்தவரை கேப்ரியல் போன்ற பெயருள்ள சரக்கும், எம்.ஜி.பி. (மாருதியின் சொந்த ஸ்பேர்) சரக்கும் ஜி.பி. ரோட்டில் கிடைக்கின்றன, இரண்டும் ஏற்கத்தக்கவை. ஹோஸுக்கும் பிரேக் ஆயிலுக்கும் சென்னை பாடி பகுதியிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் பிரேக்ஸ் இந்தியாவின் டி.வி.எஸ். கெர்லிங் சரக்கு இருக்கும்போது பெயரில்லாத பாக்கெட்டைத் தேட வேண்டியதில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்பிரிங், நக்கிள் வாங்குவது தப்பில்லை. கழற்றிய ஹோஸும் கழற்றிய ஸ்ட்ரட்டும் காசு கொடுத்து வாங்கும் சாமான் அல்ல. அடி போல்ட் துரு தின்றிருந்தால் பிராட்வே செம்புதாஸ் தெருவில் ஹை டென்சில் போல்ட் கிடைக்கும், தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்க வேண்டும், பழையதில் இருந்த எண்ணுக்குக் குறையக் கூடாது. அதே தெருவில் கிளிப் கேட்டால் சர்க்கிளிப் எடுத்துக் காட்டுவார்கள். அது இது அல்ல. கிளிப்பை வண்டி ஸ்பேர் கடையில், பழையதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

நல்ல கிளிப் எப்படி இருக்கும் என்றால், தட்டையாக இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் லேசாக வில்லாக வளைந்திருக்கும்; அந்த வளைவுதான் ஸ்பிரிங். காடியில் வைத்து விரலால் தள்ளினால் பாதி போய் நிற்க வேண்டும். சின்னச் சுத்தியால் தட்டினால் மீதி போய் ‘டக்’ என்று உட்கார வேண்டும். விரலுக்கே முழுசாகப் போனால் தகடு மெல்லிசு, அது ஒரு மாதத்தில் விழும். எண்ணிக்கை: ஒரு பக்கத்துக்கு ஸ்ட்ரட்டில் ஒன்று, பாடியில் ஒன்று, இரண்டு பக்கத்துக்கு 4. இரண்டு கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். ஹோஸ் மாற்றினால், அதைக் காலிப்பரோடு சேர்க்கும் பேஞ்சோ போல்ட்டுக்கு ஒரு பக்கத்துக்கு 2 செம்பு வாஷர், மொத்தம் 4. பழைய வாஷரைத் திருப்பிப் போடுவது இன்னொரு பழக்கம். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுபடி அதே மாதிரி நசுங்காது, கசியும்.

ஸ்ட்ரட் பாக்கெட்டைப் பிரித்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்க வைத்து ஹோஸ் பிராக்கெட் அதே உயரத்தில், அதே பக்கம் பார்த்து, அதே அளவு துளையோடு இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறினால் பிராக்கெட் பின்னுக்குப் போய்விடும். மலிவுச் சரக்கில் துளை அரை மில்லி பெரிதாக இருந்து ஹோஸ் வளையம் ஆடும். அப்போது கடைக்குத் திருப்ப வேண்டும். வெல்டிங் கடைக்கு அல்ல. ஸ்ட்ரட் குழாயில் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே ஆயில், ரப்பர் சீல், பல வகைகளில் அழுத்தமான கேஸும் இருக்கிறது. சீல் வெந்து இரண்டு வாரத்தில் ஒழுகுவது அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு நடப்பது. குழாய் வெடிப்பது மற்றவர்களுக்கு. பழைய ஸ்ட்ரட்டில் பிராக்கெட் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் ஸ்ட்ரட் ஒழுகாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றும் இடத்தில்தான் தெருவோர ஒர்க்‌ஷாப்பும் நல்ல ஒர்க்‌ஷாப்பும் பிரிகின்றன. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் இரண்டும் நேர் எதிரெதிரே போட்டு, மாறி மாறிச் சில சுற்று இறுக்கி, ஸ்பிரிங் மேல் தட்டிலிருந்து விடுபட்டுத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டில் கை வைக்க வேண்டும். கயிற்றிலும் கம்பியிலும் கட்டிச் செய்கிற இடத்தில் நிற்காதீர்கள், பார்க்கவும் வேண்டாம். நடு நட்டை இம்பாக்ட் கன்னால் அடித்தால் ராடு உள்ளே சுழன்று சீலைத் தேய்க்கும். புது ஸ்ட்ரட் கையில் வந்ததும் ராடைத் துணி சுற்றிக்கூடப் பிளேயரில் பிடிக்கக் கூடாது. குரோம் மேல் ஒரு கீறல் போதும், அதுவே ஒழுக்கின் ஆரம்பம்.

மாட்டுவதற்கு முன் புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து முழுசாக 4, 5 தடவை அமுக்கி இழுக்க வேண்டும். கடையில் படுத்தே கிடந்ததால் உள்ளே காற்று ஆயிலோடு கலந்திருக்கும். இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் நாள் ‘டக் டக்’ சத்தம் கேட்டு, சரக்கு போலி என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். ஸ்பிரிங் வால் அடித் தட்டின் படியில் முட்டி நிற்க வேண்டும். மேல் தட்டில் ‘அவுட்’ என்று பொறித்திருந்தால் அது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட் முழுசாக அமுங்கும்போது முட்டும் பம்ப் ஸ்டாப்பரும், ராடைத் தூசியிலிருந்து மூடும் டஸ்ட் பூட்டும் கட்டாயம் புதிது. பழைய ஸ்டாப்பரை விரலால் கிள்ளினால் மஞ்சள் பொடியாக உதிரும்; அந்தப் பொடியும் கடல் மணலும் கிழிந்த பூட் வழியே ராடில் ஒட்டித்தான் முதல் ஸ்ட்ரட் போனது. பேக்கேஜில் இவை இரண்டும் சேர்த்தியா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். “பழசே நல்லாத்தான் இருக்கு” என்பது பதில் அல்ல. மவுண்ட் பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்து மணல் அரைப்பது போல் இருந்தால் அதுவும் மாறும்.

ஹோஸ் மாட்டும்போது அதன் மேல் நீளவாக்கில் அச்சிட்ட கோட்டைப் பாருங்கள். முனையிலிருந்து முனை வரை அது நேராக ஓட வேண்டும். ஜிலேபி மாதிரிச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. சுசுகி கையேடுகளில் பேஞ்சோ போல்ட்டுக்கு 23 நியூட்டன் மீட்டர், ஃப்ளேர் நட்டுக்கு 16 என்று இருக்கும். 16 என்பது மிகக் குறைவு. மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் கூடாது. இந்த வட்டாரத்தில், அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பார்ப்பது அபூர்வம், ஆனால் அடி போல்ட்டுக்காவது கேட்டு வாங்கிப் போடச் சொல்லலாம். கிளிப் தட்டியதும் இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரம் தொங்கும்போது ஒரு தடவை, இறக்கிய பிறகு ஒரு தடவை, ஹோஸ் டயரையோ ஸ்பிரிங்கையோ தொடவில்லை என்று பார்க்க வேண்டும். பிராக்கெட் துருவைச் சுரண்டி ஒரு கை ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டால் அடுத்த தடவை கழற்றுபவர் வாழ்த்துவார்.

ப்ளீடிங், அதாவது லைனில் உள்ள காற்றை எடுப்பது, இந்தப் பக்கத்தில் பொதுவாகச் சரியாகவே செய்கிறார்கள்: 8 மி.மீ. ரிங் ஸ்பானர், கண்ணாடி டியூப், பாட்டில், ‘மிதி, புடி, விடு’. ஒரே குறை, பழைய வண்டியில் பெடலைத் தரையோடு மிதிப்பது. மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை ரப்பர் சீல் எட்டாத கடைசிப் பகுதி துருவோடு சொரசொரப்பாக இருக்கும். அதுவரை நகர்ந்தால் சீல் கிழியும், ஒரு வாரத்தில் மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டி வரும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தீர்ந்தது. டாட் 3 பிரேக் ஆயில் அரை லிட்டர் புதிதாகப் பிரித்த டப்பா; திறந்து வைத்த டப்பா இந்த ஊர் ஈரக் காற்றில் தண்ணீர் குடித்திருக்கும். புது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கு விதி கேட்பது 140 மட்டும்தான். ஃபெண்டரில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள், பெயின்ட் உரியும்.

மார்க் போடச் சொன்னால்: ஸ்ட்ரட் கழற்றல் மாட்டலுக்கு 10-க்கு 8, ப்ளீடிங்குக்கு 7, பூட், ஸ்டாப்பருக்கு 4, ஹோஸ், கிளிப்புக்கு 2. அந்த 2-ம் கேட்டால் வாங்கிவந்து போட்டுக்கொடுப்பவர்களுக்காக.

வண்டியை எடுக்கும்போது இன்ஜினை ஓட விட்டு பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். இன்னொருவர் டிஷ்யூவால் பேஞ்சோவையும் ஃப்ளேர் நட்டையும் துடைத்துப் பார்க்கட்டும். பெடல் மெல்ல இறங்கினாலோ டிஷ்யூ நனைந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். அடுத்து அலைன்மென்ட், ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றிய வண்டிக்கு இது விருப்பம் அல்ல. 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடி போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, வீல் இடைவெளி வழியாக டார்ச் அடித்து நாலு கிளிப்பும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.